கேட்டால் நிற்கும் மோட்டார்

பெர்னதத்தின் படகு மோட்டார், எங்கே போகிறீர்கள் என்று யாராவது கேட்டால் நின்றுவிடும். மற்றபடி நல்ல மோட்டார்.

போன வருஷம் வீடு அவளைக் காலி செய்துவிட்டுப் போனதிலிருந்து, அவளும் மகள் ஜெசிந்தாவும் படகில்தான் குடியிருந்தார்கள். அடுப்பு முன்னால், பாய் நடுவில், மோட்டார் பின்னால். துடுப்புகளைக் கொடுத்துத்தான் மோட்டாரை வாங்கியிருந்தாள்.

பள்ளிக்கூடம் விட்டு ஜெசிந்தா படகுத்துறையில் தனியாக நின்றாள். நீலப் பாவாடை தெரிந்தது. கூப்பிட்டால் கேட்கிற தூரம். பெர்னதத் கயிற்றைச் சுண்டி இழுத்தாள். மோட்டார் ஓடியது.

எதிரே பக்கத்துப் படகு ராயப்பன் வந்தான். புறப்பட்டவரிடம் எங்கே என்று கேட்கக் கூடாது, தூரமா என்றுதான் கேட்க வேண்டும். அந்தக் கரையில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ராயப்பனுக்கும் தெரியும். அன்று அவனுக்கு அவள்மேல் அக்கறை மிகுந்துவிட்டது.

"எங்க போற, தங்கச்சி?"

மோட்டார் நின்றது.

ராயப்பன் நாக்கைக் கடித்துக்கொண்டான். அவள் படகுக்குத் தாவி, மூடியைத் திறந்து, பிளக்கைத் துடைத்து, மோட்டாரிடம் தணிந்த குரலில் மன்னிப்புக் கேட்டான். உள்ளே எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, மனசுதான் விட்டுப்போயிருக்கிறது என்றான்.

"கயிறு கட்டி இழுத்துட்டுப் போங்கண்ணே. பிள்ளை நிக்கிறா."

"என் மோட்டாரு கரைப்பக்கம் திரும்பாது, தங்கச்சி. நானே வீட்டுக்குப் போயி ரெண்டு வருசமாச்சு."

அவள் கரையைப் பார்த்தாள். ஜெசிந்தா சேலை கட்டியிருந்தாள். நல்ல சேலை. யார் எடுத்துக் கொடுத்தது என்று தெரியவில்லை.

மோட்டார் மறுபடி ஓடியபோது காவல் படகு குறுக்கே வந்தது. அதிகாரி ஒலிபெருக்கியை எடுத்தார். தூரமா என்று கேட்கும்படி பெர்னதத் கெஞ்சினாள். அப்படிக் கேட்கத் தனக்கு அதிகாரம் இல்லை என்றார். கேட்க வேண்டியதை வருத்தத்தோடுதான் கேட்டார்.

இப்போது ஜெசிந்தாவின் இடுப்பில் ஒரு குழந்தை. அது பெர்னதத்தைப் பார்த்துக் கையாட்டப் பழகிக்கொண்டிருந்தது.

பெர்னதத் உள்ளங்கைத் தோல் உரியும்வரை கயிற்றை இழுத்தாள். மோட்டார் ஓடியது. சுற்றிலும் ஒரு படகும் இல்லை. கேட்க ஆளே இல்லை. துறை நெருங்கியது. ஜெசிந்தாவின் மோவாயில் இருந்த மச்சம் தெரிந்தது. இன்னும் ஒரு எட்டுத்தான்.

இறங்கினால் இவளிடம் என்ன சொல்வது? இவள் வீட்டில் தனக்கு இடம் இருக்குமா? இல்லையென்றால், எங்கே போவது?

அவள் வாய் திறக்கவில்லை. நினைக்க மட்டும்தான் செய்தாள்.

மோட்டார் நின்றது.

படகு மெதுவாகப் பின்னால் நகர்ந்தது. ஜெசிந்தாவின் தலை முழுக்க நரைத்திருந்தது. பெர்னதத்தைவிட மூத்தவளாகத் தெரிந்தாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு துறையின் ஓரத்தில் உட்கார்ந்தாள். கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தாள்.

"மெதுவா வாம்மா," என்றாள். "நான் சாப்பிட்டாச்சு."