மஞ்சள் டோக்கன்

அந்தத் துணிக்கடைக்குள் நுழைகிறவர்கள் கையிலிருக்கும் பையை வாசலிலேயே கொடுத்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும். பையை வாங்கித் தட்டில் வைத்து, எண் போட்ட பிளாஸ்டிக் வில்லை ஒன்றைக் கொடுப்பவள் டோக்கன் அக்கா. கடையில் யாருக்கும் அவளுடைய சொந்தப் பெயர் நினைவில்லை. சம்பளம் போடுகிற கணக்கருக்கு மட்டும் தெரிந்திருக்கலாம்.

வில்லையில் இரண்டு நிறம் உண்டு, பச்சையும் மஞ்சளும். எதற்கு இரண்டு நிறம் என்று வாங்க வந்தவர்கள் யாரும் இதுவரை கேட்டதில்லை. கேட்டால் பச்சை தீர்ந்துவிட்டது என்று சொல்லும்படி மேலாளரின் உத்தரவு. விஷயம் வேறு. பச்சை என்றால் வாங்க வந்தவர்கள், மஞ்சள் என்றால் வேடிக்கை பார்க்க வந்தவர்கள். மாடியில் நிற்கும் விற்பனைப் பெண்கள் வருகிறவர்களின் முகத்தைப் பார்ப்பதில்லை, கையைத்தான் பார்ப்பார்கள். பச்சைக்கு நாற்காலி, குடிக்கத் தண்ணீர், அலமாரி மேல்தட்டுத் துணி. மஞ்சளுக்கு முன்வரிசைக் கொக்கியில் தொங்குவதோடு சரி. போதாததற்கு, எதையாவது சுருட்டிக்கொண்டு போய்விடக் கூடாதே என்று பின்னாலேயே ஒருவன் நடப்பான். கடைக்குள் அவனுக்கு 'நிழல்' என்று பெயர்.

யாருக்குப் பச்சை, யாருக்கு மஞ்சள் என்பது டோக்கன் அக்காவின் கண்ணைப் பொறுத்தது. முதலில் செருப்பைப் பார்ப்பாள், அப்புறம் சேலையின் ஓரம், கடைசியாகப் பையின் ஜிப். மூச்சு விடுகிற நேரத்தில் ஆளை எடை போட்டுவிடுவாள். மலிவுத் துணி எத்தனை துவைப்பில் சாயம் போகும், எங்கே முதலில் நூல் பிரியும் என்றெல்லாம் அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பிறந்ததிலிருந்து அதைத்தானே உடுத்துகிறாள். கடை கொடுத்த சீருடையைக் கழற்றிவிட்டு அவளே வாசலில் வந்து நின்றால், அவளுக்கே யோசிக்காமல் மஞ்சளை நீட்டியிருப்பாள். இந்தக் கொடுமையை அவளிடம் எடுத்துச் சொன்னால், வேலைன்னா வேலை என்று சிரித்துவிட்டு அடுத்த பைக்குக் கையை நீட்டுவாள்.

ஆனால் போன வாரம் அந்தக் கண் ஏமாந்துவிட்டது. பளபளவென்று வந்த ஒரு ஜோடிக்குப் பச்சையைக் கொடுத்தாள். அவர்கள் மத்தியானம் முழுக்க உட்கார்ந்து, மேல்தட்டைக் கீழ்த்தட்டாக்கிவிட்டு, ஒரு கைக்குட்டை கூட வாங்காமல் எழுந்து போனார்கள். மேலாளரைக் கடையில் கண்கொத்தி என்பார்கள். அவர் பார்வையிலிருந்து ஒரு ஊசி கூடத் தப்பாது. அவர் அவளைக் கூப்பிட்டு, "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வாசலுக்கு வேற ஆளைப் பாத்துக்குவேன்" என்று மட்டும் சொன்னார். கத்தியிருந்தால் கூடத் தேவலை. அன்றிலிருந்து வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டுதான் நிற்கிறாள்.

அந்த நெருப்போடு இன்று இன்னொன்றும் சேர்ந்திருந்தது. தங்கை வரப்போகிறாள், வருங்கால மாமியாரோடு கல்யாணத் துணி எடுக்க.

அம்மா அப்பா போன பிறகு அவளே சோறூட்டி, தலைசீவி, படிக்கவைத்து ஆளாக்கிய தங்கை. மாப்பிள்ளை வீட்டார் மரப்பட்டறை வைத்திருக்கிறார்கள். கட்டில், மேசை என்று லாரி லாரியாக வெளியே போகிறதாம். பேச்சுவார்த்தைக்கு மாப்பிள்ளையின் அப்பாவும் பெரியம்மாவும்தான் வந்தார்கள். அம்மாக்காரி மூத்த மகளின் பிரசவத்துக்காக வெளியூரில் இருந்தாள். அவள் திரும்பி வந்த பிறகு தங்கை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்; டோக்கன் அக்கா பார்த்தது ஒரே ஒரு புகைப்படத்தில். யாரோ வீட்டு விசேஷத்தில் பட்டும் நகையுமாக எடுத்த படம். அதைப் பார்த்த நாளிலிருந்து அக்காவுக்கு ஒரே கவலை. அந்த அம்மாளின் மனசு கோணிவிடக் கூடாது. ஒன்றுமில்லாத வீட்டுப் பெண் என்று தங்கையை யாரும் இளக்காரமாகப் பார்த்துவிடக் கூடாது.

"எங்க கடைக்கே கூட்டிட்டு வா" என்று தங்கையிடம் அவள்தான் சொன்னாள். "எப்படிக் கவனிக்கிறாங்கன்னு மட்டும் பாரு."

இரண்டாம் மாடியில் நிற்கும் விற்பனைப் பெண் குண்டுமணியிடமும் காலையிலேயே சொல்லி வைத்தாள். "என் தங்கச்சி மாமியாரோட வருவா. பச்சை குடுத்து அனுப்புறேன். என் மானத்தைக் காப்பாத்து தாயே."

"அக்கா, உங்க சம்பந்தியம்மாவை மகாராணி மாதிரி உக்கார வச்சுடுறேன், போதுமா?" என்றாள் குண்டுமணி.

மதியத்துக்கு மேல் கூட்டம் நெருக்கியடித்தது. கண்கொத்தி படிக்கட்டுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். டோக்கன் அக்கா ஒரு கண்ணை வாசலிலும் ஒரு கண்ணை அவர் மேலும் வைத்துக்கொண்டு பைகளை வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தாள். பட்டுச்சேலைக்காரி யாராவது காரிலிருந்து இறங்குகிறாளா என்று எட்டி எட்டிப் பார்த்ததில் கழுத்து வலித்தது.

அப்போது வந்தவள் ஐம்பதைத் தாண்டிய ஒருத்தி. ரப்பர் செருப்பு. சாயம் போன நூல்சேலை, அதன் ஓரத்தில் பழுப்பாக ஏதோ கறை. கையில் துணிப்பை. ஜிப் கூட இல்லை, ஒரு முடிச்சு. தனியாக வந்திருந்தாள். அக்காவின் கை தானாகவே மஞ்சள் பெட்டிக்குள் போய்விட்டது.

"ஏம்மா, இங்க வேலை பாக்குற ஒருத்தங்களை..." என்று அந்த அம்மாள் ஆரம்பித்தாள்.

"பையைக் குடுங்க, பின்னால ஆளுங்க நிக்குறாங்க."

"இல்லம்மா, அவங்க பேரு வந்து..."

"மேல போய் விசாரிங்க. வழியை மறைச்சுட்டு நிக்காதீங்க."

அந்த அம்மாள் அவளை ஒரு நொடி பார்த்தாள். கோபம் ஒன்றும் இல்லை, பார்த்தாள், அவ்வளவுதான். வில்லையை வாங்கிக்கொண்டு படியேறினாள். கண்கொத்தி அந்த அம்மாளின் கையிலிருந்த மஞ்சளைப் பார்த்துவிட்டு, சரி என்பதுபோல் டோக்கன் அக்காவைப் பார்த்துத் தலையசைத்தார். போன வாரத்துக்குப் பிறகு அவர் தலையசைத்தது அதுதான் முதல் தடவை. அக்காவுக்கு மனசு கொஞ்சம் லேசானது.

கொஞ்ச நேரத்தில் தங்கை மூச்சிரைக்க ஓடிவந்தாள். நடைபாதைக் கடையில் எடுத்த அதே ரோஜா நிறச் சுடிதார். இன்றைக்காவது வேறு நல்லதாகப் போட்டிருக்கக் கூடாதா என்று அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெட்டியைப் பார்க்காமலேயே பச்சையை எடுத்து அவள் கையில் திணித்தாள்.

"எங்கடி அவங்க?"

"அத்தை அப்பவே வந்துட்டாங்களாம்க்கா. இப்பத்தான் போன் பண்ணாங்க, மேல இருக்காங்க. கீழ யார்கிட்டயோ உன்னை விசாரிச்சாங்களாம், கூட்டமா இருந்துச்சுன்னு போயிட்டாங்களாம்."

அக்கா படிக்கட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "என்ன உடுத்தியிருக்காங்க?"

"எப்பவும் போலதான் இருக்கும். பட்டறைலேருந்து நேரா வர்றேன்னாங்க. வார்னிஷ் அடிக்கிறது அவங்கதானே, சேலையெல்லாம் கறையா இருக்கும். அந்த வீட்டுல எல்லாருமே அப்படித்தான்க்கா, பகட்டே கிடையாது. நான் சொல்லலையா?"

சொல்லவில்லை. அல்லது சொல்லியிருப்பாள், அக்கா காதில் பட்டும் நகையும் மட்டும்தான் விழுந்திருக்கும்.

இன்டர்காமை எடுத்து இரண்டாம் மாடிக்கு அடித்தாள். குண்டுமணி எடுத்தாள். "நீங்க சொன்ன பச்சை இன்னும் வரலையே அக்கா. ஒரு மஞ்சள்தான் நிக்குது. எல்லாத்தையும் தடவித் தடவிப் பாக்குது, நிழல் பின்னாலயே நிக்குறான்" என்று அவள் சொல்லும்போதே பின்னாலிருந்து ஆணின் குரல் உயர்ந்தது. "ஏதோ தகராறு, அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிட்டாள்.

அக்கா இன்னொரு பச்சை வில்லையை எடுத்தாள். "இதை உங்க அத்தைகிட்டக் குடுத்துட்டு, அவங்க கையில இருக்குறதை வாங்கிடு. யாரும் பாக்காம செய்."

"எதுக்கு?"

வேறு வழியில்லாமல் சொன்னாள். நாலே வாக்கியத்தில் சொன்னாள். கேட்கக் கேட்கத் தங்கையின் முகம் மாறியது.

"எனக்கு மட்டும் எப்படிப் பச்சை?"

"நீ என் தங்கச்சிடி."

"நான் வேற யாராவதா இருந்தா?"

"இப்ப அதுக்கு நேரமில்ல, ஓடு."

தங்கை போனாள், ஆனால் ஓடவில்லை. அக்காவால் நிற்க முடியவில்லை. வரிசையில் இருந்தவர்கள் முணுமுணுக்க, பைகளை அப்படியே போட்டுவிட்டுப் படியேறினாள். வாசலை விட்டு நகர்ந்தால் வேலை போகும் என்பது தெரியும். தங்கையின் வாழ்க்கையை விடவா வேலை பெரிது என்று நினைத்துக்கொண்டே ஏறினாள். கண்கொத்தி தனக்கு முன்னால் இரண்டாம் மாடிக்குள் நுழைவதைப் பார்த்தும் நிற்கவில்லை.

மேலே, முன்வரிசைக் கொக்கிகளுக்கு நடுவில் அந்த அம்மாள் நின்றுகொண்டிருந்தாள். அவள் கையிலிருந்த ஒரு துண்டுத் துணியை நிழல் பிடித்திருந்தான். உள்ளங்கை அளவுக்கு நீலத்துணி.

"இடுப்புலேருந்து எடுத்தாங்க சார். நம்ம துணிலேருந்து வெட்டின மாதிரி இருக்கு."

"என் மகன் கல்யாணச் சட்டைக்கு எடுத்த துணியில மிஞ்சினது தம்பி" என்றாள் அந்த அம்மாள். குரலை உயர்த்தவில்லை. "பொண்ணுக்கு இதுக்குச் சேர்றாப்ல பாக்கலாம்னு கொண்டாந்தேன். உங்க கடையில இந்தத் துணி இருந்தா எடுத்துக் காட்டுங்க, எங்க வெட்டியிருக்குன்னு பாத்துடலாம்."

அதே சமயத்தில்தான், அத்தையைத் தேடிக்கொண்டிருந்த தங்கை பக்கவாட்டிலிருந்து வந்து சேர்ந்தாள். குண்டுமணியின் கண் அவள் கையிலிருந்த பச்சைக்குப் போனது. சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற பெண் அவள். பஞ்சு வைத்த நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"வாங்க மேடம், உக்காருங்க. அக்கா சொல்லியிருக்காங்க. உங்க மாமியார் வரலையா?"

தங்கை உட்காரவில்லை. இரண்டு பச்சை வில்லைகளையும் கைக்குள் மூடிக்கொண்டு, "அத்தை" என்றாள். குண்டுமணி நாற்காலியைப் பிடித்தபடியே நின்றாள். நிழல் அந்த நீலத்துண்டைச் சட்டென்று கீழே வைத்தான், சுட்டுவிட்டதுபோல.

அந்த அம்மாள் தங்கையின் கையை விரித்துப் பார்த்தாள். பிறகு தன் கையிலிருந்த மஞ்சளைப் பார்த்தாள். பக்கத்தில் தண்ணீர்க் கோப்பையோடு உட்கார்ந்திருந்த ஒரு குடும்பத்தையும் அவர்கள் மடியில் கிடந்த பச்சையையும் பார்த்தாள். கடைசியாக, மூச்சு வாங்க நின்ற டோக்கன் அக்காவிடம் பார்வை வந்து நின்றது.

"கீழ பை வாங்கினது நீங்கதானே?"

"அத்தை, இதுதான் எங்க அக்கா" என்றாள் தங்கை, தரையைப் பார்த்து.

படியேறி வரும்போதே அக்கா ஒரு பொய்யைத் தயாரித்து வைத்திருந்தாள். கைக்கு வந்ததைக் கொடுத்தேன், நிறத்துக்கு அர்த்தம் எதுவும் கிடையாது. நல்ல பொய். கண்கொத்தியும் அதைத்தான் எதிர்பார்த்து அவளை முறைத்துக்கொண்டிருந்தார்.

"இவ சுடிதாரும் என் சேலையும் ஒரே தரந்தான்" என்றாள் அந்த அம்மாள். "அவளுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. எதைப் பாத்துக் குடுத்தீங்க?"

பொய் தொண்டை வரைக்கும் வந்தது. ஆனால் தங்கை நிமிர்ந்து அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். உண்மை தெரிந்தவள் பார்க்கிறபோது அந்தப் பொய்யை எப்படிச் சொல்வது?

"செருப்பைப் பாத்தேன்" என்றாள் அக்கா. "சேலையைப் பாத்தேன். பையைப் பாத்தேன். வாங்க வசதியில்லாதவங்கன்னு நெனச்சேன். எங்க கடையில அப்படித்தான் பிரிப்போம்."

கண்கொத்தி தொண்டையைச் செருமினார். நாளைக்கு வாசலில் வேறு ஆள் நிற்கும் என்று அந்தச் செருமலில் தெரிந்துவிட்டது. அக்கா அவர் பக்கம் திரும்பவில்லை. "தப்புதாங்க. மன்னிச்சுடுங்க. இதை மனசுல வச்சுக்கிட்டு என் தங்கச்சிய ஒண்ணும் சொல்லிடாதீங்க" என்றாள். கண்ணீர் வந்துவிட்டது. அவமானமா பயமா என்று அவளுக்கே தெரியவில்லை.

"அவளை எதுக்குச் சொல்றேன்? அவ தங்கம்" என்றாள் அந்த அம்மாள். நீலத்துண்டை எடுத்து மடித்து மறுபடியும் இடுப்பில் செருகிக்கொண்டாள். "கல்யாணத்துல ஒரு குறையும் வராது. நீங்க அழாதீங்க. உள்ளதைச் சொன்னீங்க, அது போதும்."

அக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கையெடுத்துக் கும்பிடப் போனாள்.

"ஒண்ணே ஒண்ணு" என்றாள் அந்த அம்மாள். "கல்யாணத்தன்னிக்கு மண்டப வாசல்ல நின்னு வர்றவங்களை வாங்கன்னு கூப்பிடுறது எங்க அக்காதான்னு இவ சொன்னா. அது மட்டும் வேண்டாம்மா. எங்க பட்டறை ஆளுங்க எல்லாரும் பொண்டாட்டி புள்ளைங்களோட வருவாங்க. இருக்குறதுலயே நல்லதாத்தான் உடுத்திட்டு வருவாங்க. அந்த நல்லது உங்க கண்ணுக்கு எப்படித் தெரியுமோ, எனக்குத் தெரியல. நீங்க உள்ள உக்காந்துக்குங்க. வாசல்ல நான் நின்னுக்குறேன்."

அக்கா தங்கையைப் பார்த்தாள். எங்க அக்கா நிக்காம எப்படி அத்தை என்று ஒரு வார்த்தை சொல்வாள் என்று காத்திருந்தாள். சின்ன வயதிலிருந்து எந்தச் சண்டையிலும் அக்கா பக்கமே நின்றவள் அவள்.

"சரி அத்தை" என்றாள் தங்கை.