ஒற்றைத் தும்மல்

இந்த டீச்சர் வேலை கிடைக்காவிட்டால் ஆவணியில் கல்யாணம் என்று சண்முகவள்ளியின் வீட்டில் முடிவாகியிருந்தது. மாப்பிள்ளையை அவள் பார்த்ததுகூட இல்லை. பி.எஸ்ஸி. பௌதிகம் படித்தவள், வத்தலக்குண்டிலிருந்து முதல் பஸ் பிடித்துத் திண்டுக்கல்லுக்கு வந்திருந்தாள்.

பெண்கள் பள்ளியின் தலைமையாசிரியர் கஸ்பார் கேட்டதற்கெல்லாம் தரையைப் பார்த்து முனகினாள். பாதி சரி. மீதி அவர் காதில் விழவில்லை.

"இங்கிலீஷாவது பாப்பம். 'அஃப்ரெஷ்'னு ஒரு வார்த்தை. அதை வச்சு ஒரு வாக்கியம் சொல்லுங்கம்மா."

புதிதாக என்று அர்த்தம் தெரியும். வாயைத் திறந்தாள். அவர் பக்கத்தில் மூக்குப்பொடி போட்டிருந்த பள்ளிக் கமிட்டி மெம்பர் அழகர் தும்மினார். ஒற்றைத் தும்மல்.

ஒற்றைத் தும்மல் கேட்டால், அவள் வீட்டில் வாசல் தாண்டியவர்கூடத் திரும்பி வந்து, உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் கிளம்புவார். யோசிப்பதற்குள் பழகிய கால்கள் அவளை வராந்தா பெஞ்சுக்குக் கொண்டுவந்துவிட்டன.

"அதுக்குள்ள முடிஞ்சிருச்சாத்தா?" என்றாள் பள்ளி ஆயா ஒச்சாயி.

"இல்லக்கா. தும்மிட்டாங்க."

ஒச்சாயிக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. பானையில் தண்ணீர் மொண்டு கொடுத்தாள். "செத்த உக்காந்து குடி. நீ இன்னும் உள்ளயே போகல, அம்புட்டுத்தான்."

பாதி டம்ளரில்தான் சண்முகவள்ளிக்கு உறைத்தது. இன்டர்வியூவிலிருந்து எழுந்து வந்துவிட்டோம். ஆனால் உள்ளேயே போகாதவள் எதையும் உளறியிருக்க முடியாதே. மிச்சத்தையும் குடித்துவிட்டு உள்ளே போனாள்.

"குட் மார்னிங் சார்." இந்த முறை நிமிர்ந்து சொன்னாள்.

"எங்கம்மா போனீங்க?"

"சார் தும்முனாங்க. தண்ணி குடிச்சிட்டு, அஃப்ரெஷ்ஷா வந்திருக்கேன் சார்."

அழகர் பொடி டப்பியைத் துண்டுக்குள் மறைத்தார். "ஏம்மா, பொடித் தும்மலுக்குமா சகுனம் பாப்பீக?"

"எங்க வீட்ல தும்மலைப் பிரிச்சுப் பாக்கறதில்லங்க."

கஸ்பார் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "மறுபடி வந்தேன்னு, 'அகெய்ன்'னு சொல்லலாமே?"

"அகெய்ன்னா முன்ன உளறுனதும் சேந்து வந்துரும் சார். அஃப்ரெஷ்னா அது இல்லவே இல்ல. பௌதிகத்தையும் நீங்க முதல்லேர்ந்து கேக்கணும்."

சொன்னது தான்தானா என்று அவளுக்கே சந்தேகம். கஸ்பார் கேட்டார். ஒளிவிலகல், நெம்புகோல், வெப்பம். அவள் பதில்கள் வராந்தா வரை கேட்டன.

"திங்கக்கிழமை சேந்துருங்க," என்றார் கடைசியில். "ஆறாங்கிளாஸ் இங்கிலீஷுக்கும் ஆளில்ல. அதையும் நீங்களே எடுத்துக்கங்க."

பௌதிகம் மட்டும் என்று வந்தவள் தலையாட்டினாள். முகம் தெரியாத மாப்பிள்ளைக்கு ஆறாங்கிளாஸ் எவ்வளவோ தேவலை.