ஆகாயத்தாமரை இலையில் விழுந்த ஃபோகஸ்

"உங்க கை நடுங்கறதோ, கோமதி?"

வங்காளத்தில், பறவைகள் வந்து கூடும் சாந்த்ராகாச்சி ஏரிக்கரையில், அவளுடைய கேமராத் திரையைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே சேஷாத்ரி கேட்டார். அலுவலகத்தில் அவளுக்கு மேலதிகாரி. படத்தில் வாத்தின் கண் கலங்கலாக இருந்தது. "இவ்ளோ நீள லென்ஸைக் கையில பிடிக்கறது கஷ்டம்தான்" என்று சமாதானமும் சொன்னார். கூட வந்தவர்கள் அடுத்தவர் கேமராவைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

கோமதிக்கு நாற்பத்தேழு வயது. ஜாதவ்பூரில் நான்கு மாடிக் கட்டடம் ஒன்றில் தனியாக இருந்தாள். அவளுடைய அம்மாவுக்கு ஏறக்குறைய இதே வயதில்தான் நடுக்கம் ஆரம்பித்தது. முதலில் காபி டம்ளர், அப்புறம் ஸ்பூன், கடைசியில் தலையே ஆடியது. கோமதிதான் ஊட்டிவிட்டாள். அம்மா போன பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் வெறுமையாகக் கிடந்தன. அதனால்தான் 2008 துர்கா பூஜை விடுமுறையில் கேமராவும் லென்ஸும் வாங்கினாள்.

சேஷாத்ரி கேட்டதிலிருந்து, தினமும் காலையில் டம்ளர் நிறையத் தண்ணீர் எடுத்துக் கையை நீட்டிப் பார்த்தாள். தண்ணீர் அசைந்தது. யார் பிடித்தாலும் கொஞ்சம் அசையும் என்று தெரியும். ஆனாலும் மறுநாளும் பார்த்தாள். நண்பர்களோடு ஏரிக்குப் போவதை நிறுத்திக்கொண்டாள். டாக்டரிடம் போகவில்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை. அம்மாவுக்கு ஊட்ட அவள் இருந்தாள். அதற்கு மேல் யோசிக்க அவளுக்குத் துணிவில்லை.

ஜனவரியில் ஒரு சாயங்காலம், படங்களை அழித்துவிடலாம் என்று கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாகத் திறந்தாள். ஒன்றில் கை நின்றது. சீழ்க்கைச் சிறகி வாத்து வழக்கம்போல் கலங்கல். ஆனால் அதற்கு ஒரு சாண் பின்னால் மிதந்த ஆகாயத்தாமரை இலை நரம்பு நரம்பாகத் தெரிந்தது. பூச்சி அரித்த ஓட்டைகூடத் தெரிந்தது. அடுத்த படத்திலும் அப்படித்தான். கை நடுங்கியிருந்தால் இலையும் அல்லவா கலங்கியிருக்க வேண்டும்?

கேமராவோடு வந்த புத்தகத்தைத் தேடி எடுத்துப் படித்தாள். சில லென்ஸுகள் தானாக ஃபோகஸ் செய்யும்போது இலக்குக்குச் சற்று முன்னேயோ பின்னேயோ நின்றுவிடுமாம். அதைச் சரிசெய்ய மெனுவில் வழி இருந்தது.

ஞாயிறு காலை மொட்டை மாடியின் ஒரு கோடியில் ஸ்டாண்டை நிறுத்தினாள். மறுகோடியில் ஒரு பிஸ்கட் டப்பா, அதன் பக்கத்தில் முன்னும் பின்னுமாகச் சாய்த்துவைத்த அடிஸ்கேல். டப்பாவின் எழுத்தைக் குறிபார்த்து எடுத்தாள். எழுத்து மங்கல், ஸ்கேலில் பின்பக்கத்துக் கோடுகள் பளிச்சென்று இருந்தன. மெனுவில் எண்ணைக் குறைத்தாள். கூர்மை கொஞ்சம் முன்னே வந்தது. இன்னும் குறைத்தாள். மைனஸ் ஒன்பதில், டப்பாவின் எழுத்து அச்சடித்தாற்போல் விழுந்தது.

கோமதி தண்ணீர்த் தொட்டியின் படியில் உட்கார்ந்து அழுதாள்.

துணி உலர்த்த வந்த கீழ்வீட்டு ரீனா பௌதி (அண்ணி முறையில் கோமதி அப்படித்தான் கூப்பிடுவாள்) பயந்துபோய், "கீ ஹொலோ, என்ன ஆச்சு கோமதி?" என்றாள்.

"என் கை நல்லாத்தான் இருக்கு, பௌதி" என்று வங்காளியில் சொன்னாள் கோமதி.

"கையா? அடிபட்டுதா?"

அம்மாவிலிருந்து ஆரம்பித்துச் சொல்ல வேண்டும். தான் பயந்ததே தெரியாதவளிடம், பயம் தீர்ந்ததை எப்படிச் சொல்வது? "ஒண்ணுமில்ல. லென்ஸ்ல ஒரு கோளாறு, சரியாயிடுச்சு" என்றாள்.

"பாலோ, பாலோ, நல்லதாப் போச்சு" என்று சொல்லிவிட்டு பௌதி வாளியோடு இறங்கிப் போனாள்.

அடுத்த வாரம் ஏரியில், வாத்தின் கண்ணைச் சுற்றியிருந்த மஞ்சள் வளையம் துல்லியமாக விழுந்தது. நண்பர்களோடு வந்திருந்த சேஷாத்ரியும் பார்த்தார்.

"அடடே, கை சரியாப் போச்சே!"

"கை நன்னாத்தான் சார் இருந்தது. லென்ஸ்தான் பின்னாடி பாத்துண்டிருந்தது."

"அப்படியா! என்னோடதையும் ஒருநாள் பாத்துக் குடுங்களேன்." அவர்கள் வேறொரு ஏரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். "கார்ல இடமில்ல, கோமதி. அடுத்த தடவை கட்டாயம் சொல்றோம்."

"பரவாயில்ல சார்."

வெயில் ஏறும்வரை தனியாகவே படமெடுத்தாள். திரும்பும் பஸ்ஸில் செல்போனில் பெயர்களை ஒவ்வொன்றாகத் தள்ளினாள். சென்னையில் இருக்கும் சித்தி பெண் மகேஸ்வரியின் பெயரில் நின்றாள். பேசி ஒரு வருஷத்துக்கு மேலாகியிருந்தது.

"என்ன கோமதி, திடீர்னு?"

"ஒரு வாத்து போட்டோ நன்னா வந்திருக்கு."

"வாத்தா?" மகேஸ்வரி சிரித்தாள். பிறகு, "உன் குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு? சொல்லு, கேக்கறேன்" என்றாள்.

பஸ் இரைந்தது. கோமதி ஜன்னலைச் சாத்திவிட்டுப் பேசத் தொடங்கினாள்.