பூவம்மாளின் பண்டிகையும் ஒரு சிவப்புப் பட்டனும்

என் சம்பந்தி சென்னகிருஷ்ணன் பாகலூரில் ரோஜா வளர்க்கிறார் என்று ஊர் சொல்கிறது. உண்மையில் ரோஜாதான் அவரைக் கட்டிப்போட்டு வளர்க்கிறது. பசுமைக்குடிலில் நட்ட புதுக் கன்றுகளுக்குப் பகலெல்லாம் அரை மணிக்கு ஒருதரம் பம்பைப் போட்டுத் தண்ணீர் தூவ வேண்டும். உதவிக்கு ஆள் கிடையாது; கைகால் அசைகிற எல்லாரையும் விடிவதற்குள் கம்பெனி பஸ் ஓசூருக்கு அள்ளிக்கொண்டு போய்விடும். அதனால் அவர் மனைவி பூவம்மாள், நாட்றாம்பாளையத்தில் தாய்வீட்டு மாரியம்மன் பண்டிகைக்கு வருடா வருடம் தனியாகத்தான் போய்வருகிறார்.

"இந்த வருசமும் தனியா போய் நின்னா, உனக்குப் புருசன் இருக்காரா இல்லியான்னே எங்கண்ணி கேட்டுடுவாங்கண்ணா" என்று என்னிடம் முறையிட்டார்.

சரியான இடத்தில்தான் முறையிட்டார். ஓசூரில் வண்டிப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவு போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். நான் முறைத்துப் பார்த்தாலே நின்றுபோன மெஷின் ஓடும் என்று அங்கே ஒரு பேச்சு உண்டு. கிளப்பிவிட்டவன் நான்தான் என்றாலும், பேச்சு பேச்சுதானே.

சீட்டுக்கட்டு அளவில் ஒற்றைப் பலகைக் கணினி ஒன்று வாங்கினேன். நகத்தளவு மெமரி கார்டில் அதற்கு வேண்டிய மூளையை ஏற்றிச் செருகினேன். சூட்டை அளக்கும் சென்சாரையும் பம்பையும் அதோடு இணைத்தேன். வெயில் ஏறியதும் அதுவே பம்பைப் போட்டது, அதுவே அணைத்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் கர்நாடகத்து ரோஜாக்கள் அன்றைக்குக் கூடுதலாகச் சிவந்தது பொறாமையில்தான்.

எல்லாவற்றையும் ஒரு பெட்டிக்குள் அடக்கி, அதற்கு வெளியே உள்ளங்கை அகலத்துக்குக் காளான் தலை மாதிரி ஒரு சிவப்பு எமர்ஜென்சி பட்டன் பொருத்தினேன். அது இல்லாத எதையும் நான் இயந்திரம் என்று ஒப்புக்கொள்வதில்லை. என் வீட்டு மிக்சிக்கே ஒன்று வைத்திருக்கிறேன்.

சம்பந்திக்குப் பயிற்சி வகுப்பும் நடந்தது.

"நல்லா கேட்டுக்கோங்க சம்பந்தி. இதுக்குப் பட்டுனு கரண்ட நிறுத்தக் கூடாது. கார்டுல எதையாவது எழுதிக்கிட்டே இருக்கும், நடுவுல நிறுத்தினா கார்டு கெட்டுடும். போன்ல 'நிறுத்து'ன்னு தட்டி அத அடங்க வச்சப்புறம்தான் சுவிட்சு."

"சரிங்க. இந்தச் செவப்பு பட்டன அமுத்தினா என்னாங்க ஆவும்?"

"பட்டுனு கரண்ட் நிக்கும்."

அவர் பட்டனைச் சுட்டிக் காட்டினார். "அப்ப இது எதுக்குங்க?"

"சேஃப்டி."

அந்தச் சொல்லுக்கு மேல் கேள்வி கேட்கிறவர் ஓசூர் வட்டாரத்தில் இன்னும் பிறக்கவில்லை.

மறுநாளே போன். "சம்பந்தி, உள்ள பச்சை லைட்டு கண்ணடிச்சிக்கினே இருந்துச்சு. பயந்துபோயி அமுத்திட்டேன்." கார்டு காலி. போய் முதலிலிருந்து எல்லாம் ஏற்றினேன். அடுத்த வாரம் பம்பு உறுமியதாம், அமுத்தினார். உறுமாமல் பம்பு தாலாட்டா பாடும்? மறுபடி ஏற்றினேன்.

"அந்தப் பட்டன கழட்டிட்டா என்னாண்ணா?" என்று டீயை வைத்துக்கொண்டே கேட்டார் பூவம்மாள்.

"பட்டன் மேல தப்பில்லம்மா. அமுத்துற கையிலதான் தப்பு. ஆபரேட்டருக்கு ஒழுக்கம் வேணும்."

அன்றிலிருந்து ஆபரேட்டர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் குடிலுக்குள் நடந்தார்.

பண்டிகைக்குக் கிளம்பும் காலை. வாசலில் வாடகை வேன். பூவம்மாள் பட்டுப்புடவையில், சம்பந்தி சலவை வேட்டியில். கணினி சமர்த்தாக ஓடிக்கொண்டிருந்தது. கடைசியாக ஒரு பார்வை பார்ப்போம் என்று பெட்டியைத் திறந்தேன். கூரையிலிருந்து ஒரு பல்லி, முதலை என்றே சொல்லலாம், நேராகப் பலகைமேல் விழுந்தது.

தொழிற்சாலைப் பழக்கம். என் கை என்னிடம் அனுமதி கேட்கவில்லை.

பட்டன் இறங்கிய சத்தம் வேன் டிரைவருக்கே கேட்டது. பல்லி நிதானமாக எழுந்து போனது. மறுபடி கரண்ட் கொடுத்துப் பார்த்தேன், கணினி எழவில்லை. கார்டில் ஏற்றுவதற்கான லேப்டாப் ஓசூரில் என் வீட்டில் இருந்தது. வெயிலோ ஏறிக்கொண்டிருந்தது.

"சரி, நீ கெளம்பு. நான் இருந்து பாத்துக்கறேன்" என்று சம்பந்தி வேட்டியை மடித்துக் கட்டினார். அவர் குரலில் வருத்தத்தைத் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

"நீங்க வேன்ல ஏறுங்க" என்றார் பூவம்மாள். பிறகு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துவந்து பம்பு சுவிட்சுக்குப் பக்கத்தில் போட்டார். "அண்ணா, உக்காருங்க. அரை மணிக்கு ஒருதரம். சோறு மூடி வச்சிருக்கேன். நாளைக்கு வந்துடறோம்."

வெயில் தாழும் நேரத்தில் சம்பந்தி கூப்பிட்டார். பின்னால் மேளம் கேட்டது.

"ஓடுதுங்களா?"

"ஜம்முனு ஓடுது சம்பந்தி. நேரம் தவறாம போடுது, அணைக்குது, நடுவுல மோர் வேற குடிக்குது."

மேளத்துக்கு மேலே பூவம்மாளின் குரல் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தது: "ஆமாங்கண்ணி, தோட்டத்துக்கே கம்ப்யூட்டர் வச்சிட்டோம். அதான் இவரையும் இழுத்துக்கினு வந்துட்டேன். ஓசூர்லருந்து வந்ததுதான். கொஞ்சம் பழைய மாடலு."

அரை மணி ஆகிவிட்டது. எழுந்து சுவிட்சைப் போட்டேன்.