ஆற்றுமுகத்தில் ஒன்பது புள்ளிகள்

காலையிலிருந்தே கல்சோமுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆற்றுமுகத்தில் மரக்கால்கள் மேல் நிற்கும் கால்வீடுகள் முப்பதையும், அவளுடையதையும் சேர்த்து, இரண்டு வாரத்தில் காலி பண்ண வேண்டுமாம். சொல்ல வந்த நில அலுவலக அதிகாரி நூர்டின், படகுத்துறையில் மேசை போட்டு, வெள்ளைக்காரன் காலத்து வரைபடம் ஒன்றை விரித்து வைத்திருந்தார்.

"நீங்களே பாருங்கம்மா. ஆறு இருக்கு, சேறு இருக்கு, கண்டல் காடு இருக்கு. ஒரு வீடாவது இருக்கா? நீங்கள்லாம் அப்புறம் வந்து குந்தினவங்கதானே?"

கல்சோம் குனிந்து பார்த்தாள். வீடு இல்லைதான். கப்பலில் இருந்தபடியே அளந்தவனுக்கு ஓலைக் குடிசை எங்கே வீடாகத் தெரிந்திருக்கும்? அப்போதுதான் ஆறு கடலில் சேரும் இடத்தில் ஒன்பது புள்ளிகள் கண்ணில் பட்டன.

"இது என்ன?"

நூர்டின் ஓரத்துக் குறிப்பைப் படித்தார். "மீன் பிடிக்க வலை கட்டுற கம்பம். கப்பல் மோதிடக் கூடாதுன்னு குறிச்சிருக்காங்க."

"ஓஹோ. கப்பலை இடிச்சாத்தான் நாங்க கண்ணுக்குத் தெரிவோமா? கம்பத்தை யாரு நட்டது, இறாலா?"

படகுக்கார ஜமீல் சிரித்துவிட்டான். நூர்டினுக்கு முகம் சுண்டிப்போனது.

"எவனாவது வந்து நட்டுட்டுப் போயிருப்பான். உங்க கம்பம்தான்னு என்ன சாட்சி?"

"ஜமீல், படகை எடுடா. சாரையும் படத்தையும் ஏத்து. கரையில வெட்டி வச்சிருக்கிற புதுக் கம்பத்தையும் போடு."

நீர் வற்றியிருந்தது. ஒன்பது கம்பங்களும் இடுப்பு வரை சேறு பூசி நின்றன. நேராகப் போன வரிசை நாலாவதில் தெற்கே ஒடிந்து திரும்பியது. கல்சோம் அதைக் கைகாட்டினாள்.

"கீழே பாறை, அதான் திரும்புது. கம்பம் இத்துப்போனா அதே குழியில புதுசை இறக்குவோம். எங்க அம்மாவும் இதே குழியிலதான் இறக்கினா. இப்பப் படத்தைப் பாருங்க."

நூர்டின் எண்ணினார். நாலாவது புள்ளியில் வரிசை தெற்கே திரும்பியது. மறுபடி எண்ணினார். அப்படியேதான் இருந்தது.

"மேலிடத்துல கேக்கணும்மா..."

"அவங்களையும் கூட்டிட்டு வாங்க. நாங்க இங்கதான் இருப்போம்."

ஆறாவது கம்பம் இத்துப்போயிருந்தது. கல்சோம் அதை ஆட்டிப் பிடுங்கி எறிந்தாள். புதுக் கம்பத்தின் ஒரு முனையை அதிகாரியின் கையில் திணித்தாள். பழைய குழியில் அது சரக்கென்று இறங்கியது. அவருடைய வெள்ளைச் சட்டையெல்லாம் சேறு.

"இப்ப எழுதுங்க சார், நட்டது யாருன்னு."