நூற்றுக்கு நாலு

...மூன்றாவது ரேடியோ, இதுவும் பொய்தான் சொல்லப்போகிறது, பெட்டியைப் பிரிக்கும் முன்னாலேயே எர்சிலியோவுக்கு அது தெரியும், தெரிந்தும் கண்ணாடி மேசைக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு கறுப்பா சிவப்பா, பேட்டரியா கரண்டா, ஒரு ஸ்பீக்கரா ரெண்டா என்று பெண் பார்க்க வந்தவன் மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறான், இவனை என்னவென்று சொல்வது? கடைப் பெண் யுதெல்கா, சட்டையில் பெயர் குத்தியிருக்கிறது, நகத்தில் கிறிஸ்துமஸ் மரம் வரைந்திருக்கிறாள், பொறுமைசாலிதான், அரை மணி நேரமாக ஒரு கொட்டாவிகூட விடவில்லை. "தலைவரே, இத எடுத்துக்கோங்க, கரண்டு போனாலும் பத்து மணி நேரம் பாடும், நம்ம ஊருக்கு இதான் சரி." பத்து மணி நேரம்... பத்து மணி நேரமும் பாடட்டும், எந்தச் சுருதியில் பாடும், அதைச் சொல்லு தாயே, என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. வெளியே தெருவில் ஆப்பிளும் திராட்சையும் கூவி விற்கிறார்கள், டிசம்பர் வந்துவிட்டால் சந்தியாகோவில் எல்லோருக்கும் காது செவிடாகிவிடுகிறது, வண்டிக்கு வண்டி ஒரு மெரெங்கே ஆட்டப் பாட்டு, கடைக்குக் கடை ஒரு மெரெங்கே. மணி மூன்றரை. ஐந்து மணிக்குக் கோயிலில் பாட்டுப் பயிற்சி. அதற்குள் ரேடியோ வீட்டுக்குப் போக வேண்டும், பெண்டாட்டி நூரிஸ் அதைத் திருகிக் கேட்க வேண்டும், கேட்டுவிட்டு... கேட்டுவிட்டு அவள் என்ன செய்வாள் என்பதுதான் தெரிந்த கதையாயிற்றே.

நேற்று சாப்பிடும்போது சொன்னாள், குரலை உயர்த்தாமல், தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், சத்தம் போட்டிருந்தால்கூட அவனுக்கு நன்றாக இருந்திருக்கும். "இன்னும் ஒண்ணே ஒண்ணு வாங்கிப் பாப்போம் எர்சிலியோ. அதுலயும் அப்படியே கேட்டா, அப்புறம் ரேடியோ மேல பழி போட்டு என்ன ஆகப்போகுது? காதுதான் போச்சு. பாதர்கிட்ட சொல்லிட்டு பாட்டுக் குழுவ மிலாக்ரோஸ்கிட்ட குடுத்துர்றேன்." இருபத்தாறு வருஷம். விடியற்காலைப் பூசைகள் நாளை மறுநாள் தொடங்குகின்றன, இருபத்தாறு வருஷமாக அந்தப் பூசைகளில் முதல் சுரத்தை அவள்தான் எடுத்துக் கொடுக்கிறாள், கோயிலில் இருந்த ஆர்மோனியத்தைக் கறையான் தின்று எத்தனையோ காலம் ஆயிற்று, அவளுக்கு ஒரு கருவியும் வேண்டாம், இருட்டில் வந்து நின்று, கழுத்துத் துணியை இழுத்துவிட்டுக்கொண்டு, வாயைத் திறந்தால் லா சுரம் என்றால் லாதான். ஒருமுறை தலைநகரிலிருந்து வந்த பியானோக்காரன் பந்தயம் கட்டித் தோற்றுப்போய், எல்லோருக்கும் பீர் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனான். அப்பேர்ப்பட்ட காது. அந்தக் காதை எட்டு மாதமாக அவளே சந்தேகப்படுகிறாள், சந்தேகப்பட வைத்தது யார்? வேறு யார், எதிரே உட்கார்ந்து அவள் மசித்துக் கொடுத்த வாழைக்காயை ருசித்துச் சாப்பிடுகிற இந்த மகராசன்தான்.

எட்டு மாதத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை, பதினொரு மணி, பழைய பாட்டு நேரம், அவன் வேலை பார்க்கிற வானொலி நிலையத்தில் அவனே ஏற்றி வைத்திருந்த பாட்டு, இருபத்து மூன்று வயதில் நூரிஸ் பாடி வெளிவந்த ஒரே போலேரோ, மெதுவான காதல் பாட்டு. அவளை மகிழ வைக்கத்தானே செய்தான், கெடுக்கவா செய்தான்? அவள் காய் உரிப்பதை நிறுத்தினாள். "இது நான் இல்ல." "நீதான், வேற யாரு?" "குரல் என்னோடதுதான். ஆனா நான் அங்க ஆரம்பிக்கல. லாவுல எடுத்தேன். இது லாவும் இல்ல, அதுக்கு மேல உள்ளதும் இல்ல, நடுவுல தொங்குது." அப்போது சொல்லியிருக்கலாம். ஒரு நொடி இருந்தது, வாய்கூடத் திறந்தது, ஆனால் வாயிலிருந்து வந்தது என்ன, "ரேடியோ பழசாயிடுச்சு." ரெண்டே வார்த்தை... அதற்குத்தான் இப்போது மூன்றாவது ரேடியோ. பொய் ஒன்று சொன்னால் அதற்குத் தீனி போட்டுக்கொண்டே இருக்க வேண்டும், நாய் வளர்ப்பதைவிடச் செலவு.

பெர்சியோ சொன்னான் என்றுதானே செய்தான்? நிலையத்தின் நிகழ்ச்சி அதிகாரி பெர்சியோ, வாசனைத் திரவியம் முதலில் வரும், அப்புறம்தான் ஆள் வருவான், ஒருநாள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று தோளில் கை போட்டு, "எர்சிலியோ, பாட்டெல்லாம் நூத்துக்கு நாலு வேகமா ஓடட்டும்பா" என்றான். எதற்கு? "நம்ம பாட்டக் கேட்டுட்டு அடுத்த நிலையத்துக்குப் போனா அங்க எல்லாம் எழவு வீடு மாதிரி இருக்கும், திரும்பி நம்மகிட்டயே வந்துருவான். மணிக்கு ரெண்டு நிமிஷம் மிச்சம், அதுல நாலு விளம்பரம் போடலாம்." ஜனங்களுக்குத் தெரியாதா? "ஜனங்களுக்கு என்ன தெரியும், இன்னிக்கு மனசு லேசா இருக்குன்னு நெனச்சுக்குவாங்க." வேகம் கூடினால் சுருதியும் கூடத்தானே ஏறும், ஏறாமல் பிடித்துவைக்கவும் வழி உண்டு, அதற்குப் புது மென்பொருள் வேண்டும், பெர்சியோ அதையா வாங்குவான்? அதனால் ஒரு பொத்தான், ஒரு எண், நாலு, அவ்வளவுதான். பாட்டோடு கூடவே லஞ்ச உறை வருகிறதே, அதை எர்சிலியோ ஒருநாளும் தொட்டதில்லை, பாயோலா என்று ஊரே பெயர் சொல்லிச் சிரிக்கிற அந்த உறையில் ஒரு பேசோ அவன் எடுத்ததில்லை, உறையோடு வந்த பாட்டு ஒரு நாளைக்குப் பதினான்கு முறை, உறையில்லாமல் வந்த பாட்டு குப்பையில், அதையெல்லாம் பார்த்துக்கொண்டு கை சுத்தம் கை சுத்தம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தான். கை சுத்தம்தான். அந்தச் சுத்தமான கையால்தான் பொத்தானை அமுக்கினான்.

"தலைவரே, சத்தம் போட்டுக் காட்டட்டுமா?" என்று யுதெல்கா ஒன்றைத் திருகினாள், திருகியதும் எது வரும், அவன் நிலையம்தான் வரும், அந்த உறைக்காரப் பையனின் பாட்டு, இன்றைக்கு ஒன்பதாவது முறை. கூடவே அவளும் பாடினாள், தலையை ஆட்டி ஆட்டி, பாட்டின் ஒவ்வொரு மூச்சும் தெரிந்திருக்கிறது. "எனக்கு இது உசுரு, மொதல்ல பிடிக்கவே இல்ல, கேட்டுக் கேட்டுப் பிடிச்சுப்போச்சு." கேட்டுக் கேட்டு... அதற்குத்தானே காசு வாங்கினார்கள் பெண்ணே. அவன் கண் வேறு பக்கம் போனது. கண்ணாடிக்குள், கித்தார் கம்பிச் சுருள்களுக்கும் குய்ரா தாளச் சுரண்டிகளுக்கும் நடுவில், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக, முகப்பில் ஒரு முள்ளோடு, ஒரு கறுப்புப் பெட்டி. அது என்ன என்று தெரியாதவன் மாதிரி கேட்டான். "சுருதி பாக்குறது. பாட்டுக்காரங்க வாங்குவாங்க. வெல கம்மி, ஆனா அதுக்குப் பொய் சொல்லத் தெரியாது." அந்தப் பெண் சும்மாதான் சொன்னாள், வியாபாரப் பேச்சு, அவனுக்குத்தான் திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி இருந்தது.

இதை வாங்கிக்கொண்டு போனால்? ரேடியோ வேண்டாம், இதை மட்டும் அவள் கையில் கொடுத்து, ரேடியோவுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார் என்றால் போதும், அவன் வாயைத் திறக்கவே வேண்டாம், முள் பேசிவிடும். உன் காது நன்றாக இருக்கிறது நூரிஸ், கெட்டது ரேடியோவும் இல்லை, எங்கள் நிலையம். அப்புறம்? அப்புறம் அவள் முள்ளைப் பார்ப்பாள், பிறகு அவனைப் பார்ப்பாள். எட்டு மாதம் என்று சொல்வாளா, சொல்ல மாட்டாள், கணக்குப் போட்டுக்கொண்டிருப்பாள். தனியாகக் காது டாக்டரிடம் போய் வந்தாளே, திரும்பி வந்து சிரித்துக்கொண்டே, "அம்பது தாண்டினா சிலருக்கு எல்லாமே கொஞ்சம் தூக்கலாக் கேக்குமாம், டாக்டர் சொன்னாரு" என்றாளே, சொல்லிவிட்டுக் குளியலறையில் போய்க் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் நின்றாளே, அந்தக் குழாய்ச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இவன் கூடத்தில் பேஸ்பால் பார்த்தான். வேலை போய்விடும் என்ற பயமா? ஐம்பத்தேழு வயதில் யார் வேலை கொடுப்பார்கள், அந்தப் பயமும்தான், ஆனால் அதைச் சொல்லி மன்னிப்புக் கேட்கலாம். குழாய்ச் சத்தத்துக்கு என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது? அவள் பாட்டை மட்டுமாவது பழைய வேகத்துக்கு மாற்றியிருக்கக் கூடாதா என்றால், அதையும் செய்துபார்த்தான், செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை, அன்றைக்கென்று பார்த்து அவள் மோக்காவில் தங்கை வீட்டில். பெர்சியோ காரிலிருந்து போன் போட்டு, "என்னப்பா, யாரு செத்துப்போனாங்க?" என்று கத்தினான். பெர்சியோ கத்தியது போகட்டும், அவனுக்கே அது இழுவையாக, சோர்ந்துபோன மாதிரிதான் கேட்டது, முன்னும் பின்னும் வேகமான பாட்டு இருந்ததால் அப்படித் தோன்றியிருக்கும் என்று விட்டுவிட்டான்.

"அதப் போட்டுக் காட்டும்மா" என்றான். யுதெல்கா கறுப்புப் பெட்டியை எடுத்து ரேடியோவின் முன்னால் வைத்தாள், பாட்டுக்காரன் ஒரே சுரத்தை இழுத்துப் பிடிக்கிற இடம் வந்தது, முள் வலது பக்கம் சாய்ந்து சிவப்பில் நின்றது. இந்தச் சுரமும் இல்லை, அடுத்த சுரமும் இல்லை, நடுவில். அவள் சொன்ன அதே நடுவில். யுதெல்கா புருவத்தை நெரித்தாள், பக்கத்து ரேடியோவைத் திருகினாள், அதிலும் சிவப்பு, பெரிய ஸ்பீக்கரில் போட்டாள், அதிலும் சிவப்பு. "இது கெட்டுப்போச்சு தலைவரே, வேற எடுத்துத் தரேன்." கெட்டது இதுதான் என்று எப்படித் தெரியும் என்று கேட்டான். "பின்ன, மூணு ரேடியோவுமா பொய் சொல்லும்?" என்று சிரித்தாள். நூரிஸும் நேற்று இதைத்தான் சொன்னாள், வேறு வார்த்தையில் இதையேதான், சிரிக்காமல் சொன்னாள். உண்மை ஒற்றை ஆளாக நின்றால் அதைத்தான் கெட்டுப்போனது என்பார்கள் போலிருக்கிறது. பாட்டுக் குழுவில் மிலாக்ரோஸ்கூட, நல்ல பிள்ளை, மரியாதையாகத்தான் சொன்னாள், "அம்மா, நீங்க எடுக்குறது கொஞ்சம் கீழ இருக்கு, ரேடியோவுல இப்படி இல்லையே." அவர்கள் பழகுகிற அந்த ஆகினால்தோவை, கிறிஸ்துமஸ் பாட்டை, இந்த டிசம்பர் முழுக்க நிலையம் போடுகிறது, நூற்றுக்கு நாலு ஏற்றி. எர்சிலியோதான் ஏற்றினான்.

போன் அடித்தது, நூரிஸ். எடுக்காமல் இருக்கலாமா... எடுத்தான். "வாங்கிட்டியா?" இல்லை, பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றான். கடைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள் போல. "அங்க கடையில பாடுதே, அதுவும் தூக்கலாத்தான் இருக்கு. போன் வழியாவும் அப்படித்தான் கேக்குது பாரு." சிரித்தாள். "விட்டுரு எர்சிலியோ, காசுக்குக் கேடு. நான் மிலாக்ரோஸ அஞ்சு மணிக்கு முன்னாடியே வரச் சொல்லிட்டேன்." வரச் சொல்லிவிட்டாளாம். கையைக் காட்டி ரேடியோக்களை நிறுத்தச் சொன்னான், யுதெல்கா ஒவ்வொன்றாக நிறுத்தினாள், கடையில் திடீரென்று ஃபேன் சத்தம் மட்டும். "நூரிஸ், ஒரு லா குடு." "கடையில நின்னுக்கிட்டா? பைத்தியமா உனக்கு?" "குடு, ஒரு தடவ, பூசையில எடுக்குற மாதிரி." மூச்சு இழுப்பது கேட்டது. போனை ஸ்பீக்கரில் போட்டு அந்தக் கறுப்புப் பெட்டிக்குப் பக்கத்தில் பிடித்தான், அவள் பாடினாள்.

முள் எழுந்தது. நேராக எழுந்து நட்டநடுவில் நின்றது, பச்சை, ஒரு மயிரிழைகூட அசையவில்லை, அவள் மூச்சு தீர்கிற வரைக்கும் பச்சை. "அடேயப்பா! யாரு தலைவரே இது?" என்று யுதெல்கா வாயைப் பொத்தினாள். எர்சிலியோ முள்ளையே பார்த்தான், முள் பச்சையில் நிற்கும்போதே, கண் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அவன் காதுக்கு அது கீழே கேட்டது. தணிந்து, தொய்ந்து, ஒரு படி இறங்கி... இன்னும் கொஞ்சம் ஏற்று என்று சைகை காட்ட அவன் இடது கை தானாகவே மேலே போயிருந்தது. அந்தக் கையைப் பார்த்தான். மேசைக்கு மேல் அந்தரத்தில் நிற்கிற தன் கையை, வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோல் பார்த்தான். முப்பது வருஷமாக அந்தக் குரலோடு ஒரே வீட்டில் இருக்கிறான், நூற்றுக்கு நாலு ஏற்றி ஏற்றி எப்போதிலிருந்து இந்தக் காது இப்படிக் கேட்கிறது, செப்டம்பரிலேயேவா, அதற்கும் முன்னாலேயா? பாட்டு நின்றதும் முள் படுத்துவிட்டது. "சரியா இருந்துச்சா?" என்றாள் நூரிஸ். அவன் அந்தக் கையைக் கீழே இறக்கினான். "கீழ இருந்துச்சா? மறைக்காத, உள்ளதச் சொல்லு, உன் காத நான் நம்புறேன்." யுதெல்கா ஒரு கையில் ரேடியோப் பெட்டியையும் மறு கையில் அந்தக் கறுப்புப் பெட்டியையும் தூக்கிக் காட்டி எதைக் கட்டட்டும் என்று கண்ணாலேயே கேட்டாள். "எர்சிலியோ... கேக்குதா?" என்றாள் நூரிஸ் மறுபடியும், அவன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு அப்படியே நின்றான்.