புகை இல்லீங்க டாக்டர்

1

இந்தக் கதை பிறந்தது காரைக்காலில், ஒரு டாக்டரின் அறையில். பக்கத்து வீட்டு சித்திக்காவுக்குத் துணையாகப் போயிருந்தேன். மூச்சு இழுப்புக்கு நடுவே அவள் ஒன்று கேட்டாள்: "உள்ள இவ்வளவு ரகளையையும் யாருங்க கூட்டுறது?"

டாக்டர் தாமரைச்செல்வி சிரித்தார். "நுரையீரலுக்கு உள்பக்கம் மெல்லிசா ஒரு செல் வரிசை இருக்கு. சும்மா சுவர்னு நெனைக்காதீங்க. தூசியோ புகையோ பட்டா, எதிர்ப்புப் படைக்குச் சேதி அனுப்புறதே அதுதான். போதும்னு அடக்குறதுலயும் அதுக்குப் பங்கு உண்டு. வீட்ல புகை ஏதும் உண்டா?"

"புகை இல்லீங்க டாக்டர். கேஸ் அடுப்புதான்."

2

முதல் தொடக்கம்: 'நான் ஒரு செல். என் வேலை வாசலில் நின்று—'

(அடித்துவிட்டேன். பள்ளிக்கூட நாடகம் மாதிரி இருக்கிறது, சகிக்கவில்லை.)

இரண்டாவது: 'ஷார்ஜாவிலிருந்து ரிஃபாய் லீவில் வரும்போதெல்லாம் அவன் மனைவி சித்திக்காவுக்கு இழுப்பு வரும்.'

அடடா, இது கதை! ரிஃபாயை வில்லனாக்கிவிடலாம் என்றுகூடப் பார்த்தேன். முடியவில்லை. நேற்று அவளிடம், "நான் வந்தாலே ஒனக்கு மூச்சு முட்டுது. டிக்கெட்டை மாத்திக்கிட்டு முன்னாடியே போயிடுறேன்" என்று சொல்லி அழுதானாம் அந்த மனுஷன்.

3

டாக்டரிடமிருந்து திரும்பும்போது ஆட்டோவில் அவள் துப்பட்டா என் முகத்தில் பட்டது. பகூர் வாசம். வந்த நாளிலிருந்து ரிஃபாய் தினமும் அந்தியில் மஃரிப் தொழுதுவிட்டு, கரி நெருப்பில் அந்த வாசனைக் கட்டையைப் போட்டு அறை முழுக்கக் காட்டுகிறான்.

"ஏய், அது புகை இல்லாம என்னடி?"

"அது வாசனை, அக்கா..." என்றவள் துப்பட்டா நுனியை எடுத்து முகர்ந்து பார்த்தாள். "யா அல்லா! அப்ப மச்சானால இல்லையா?"

எவ்வளவு சந்தோஷம் அந்த முகத்தில்! அடுத்த நிமிஷமே வாடிவிட்டது. "எனக்குன்னே பார்த்துப் பார்த்து வாங்கிட்டு வர்றாங்க. எந்த வாயால சொல்வேன்?"

(பகூர்தான் காரணமா? எனக்கும் சந்தேகம். போனில் கேட்டேன். "இருக்கலாம், நிறுத்திப் பாருங்க" என்றார் டாக்டர்.)

4

முடிவு அ: சொல்கிறாள். அவன் பகூர் சட்டியைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடுகிறான். (ரொம்ப இனிப்பு.)

முடிவு ஆ: சொல்லவில்லை. அவன் விமானம் ஏறுகிறான், இழுப்பு நிற்கிறது. தன்னால்தான் என்று அவனும் நம்பிவிடுகிறான், இனிமேல் அவன்—

வேண்டாம், என்னால் எழுத முடியாது.

மஃரிப் முடிந்துவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் கரி வெடிக்கிற சத்தம். "மச்சான்..." என்று சித்திக்கா கூப்பிடுகிறாள். "என்னம்மா?" என்கிறான் அவன்.

மீதியை நீங்கள் சொல்லிவிடுங்கள். அவளுக்கு மூச்சு போதவில்லை.